பேருந்துக்கு ஓடிய காலை

படத்தில் எதுவும் இல்லை என்றார் டாக்டர் ஊய்.
வெளிச்சப் பலகையில் என் இடுப்பெலும்பு
பெருநாள் விடுமுறையில் பூட்டிய கடைபோல்
சுத்தமாகக் கிடந்தது.
ஆயிரத்து நூறு ரிங்கிட்.
'ஒன்றுமில்லை' என்ற சொல்லைப்
பெரிய கவரில் போட்டுக் கொடுத்தார்கள்.
அதைத் தூக்கிக்கொண்டு
மருத்துவமனைப் படிகளை
ஒருபக்கமாகச் சாய்ந்து இறங்கினேன்.

ஏழு மாதம்.
இடது தொடையின் வேரில் தொடங்கும்,
முழங்காலின் வெளிப்புறம் நழுவும்,
சில நாள் கணுக்கால்வரை போகும்,
சில நாள் பாதியிலேயே திரும்பிவிடும்.
முகவரி தெரியாத தபால்காரன்.

தாவரத் தோட்டத்து வாசலில்
ஆறு மணிக்கு யோகமலர் காத்திருந்தாள்.
பிறகு கைப்பேசியில் முயல் படம் அனுப்பினாள்.
பிறகு அதுவும் இல்லை.
பாலத்து ஓட்டத்திற்கு நான் வாங்கிய எண்
வேறு யாரோ ஒருத்தியின் மார்பில்
கடலைத் தாண்டிப் போனது.

ஊசி. ஊதாநிற நாடா. சூடுவைத்த மணல்பை.
கண்ணு பட்டிருக்கும் என்றாள் அண்ணி,
மிளகாய் சுற்றிப் போட்டு
நெடி வரவில்லை என்று அவளே பயந்தாள்.

அன்றைக்கு மழை.
பாயான் லெப்பாஸ் போகும் தொழிற்சாலைப் பேருந்து
என்னை விட்டுவிட்டு நகர்ந்தது.
ஓடினேன்.
வேலைச் சப்பாத்தோடு, சோற்றுப் பொட்டலத்தோடு,
விரித்த குடை பின்னால் இழுக்க,
எண்ணெய் நிலையம் தாண்டி
சாக்கடையை ஒரே தாவில் தாண்டி.
கதவைத் திறந்த அஸ்மான் மலாயில் சொன்னான்:
அக்கா, பேய் பிடிக்க வந்த மாதிரி ஓடுறீங்க.
குளுகோர் வந்தபோதுதான் உறைத்தது,
வலிக்கவில்லை.

சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.
எரிச்சல்தான் வந்தது.
அப்படியானால் ஏழு மாதம் நொண்டியது யார்?

சில்லுகளில் பிழை தேடுவது என் வேலை.
நுண்ணோக்கியில் கண்ணை ஒட்டிவைத்துப்
பன்னிரண்டு மணி நேரம்.
நல்ல சில்லிலும் ஒரு கீறல் தெரியும்
அதிக நேரம் பார்த்தால்.
அன்றிரவு ஒரு தட்டை நகர்த்தும்போது
கை நின்றது.
என் காலையும் இப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் விடியலில்
கட்டிலில் உட்கார்ந்து லேஸ் கட்டக் குனிந்தேன்.
வலித்தது.
இன்னும் ஓர் அடிகூட வைக்கவில்லை.
அசையாமல் இருந்தேன்.
மூச்சு பாதியில் நின்றிருந்தது.
பல் கடித்திருந்தது.
இடது கட்டைவிரல்
மற்ற நாலு விரலுக்கும் அடியில் ஒளிந்திருந்தது,
யாரோ ஓங்கிய கையைப் பார்த்த பிள்ளைபோல்.

எப்போதிலிருந்து?
மார்ச்சில் ஆட்குறைப்புப் பட்டியல் வந்தது.
என் பெயர் இல்லை.
பக்கத்து நாற்காலி ரொஸ்னாவின் பெயர் இருந்தது.
அதுதான் காரணம் என்று சொல்லமாட்டேன்.
வலிக்கு வரலாறு எழுத
எனக்கு அவ்வளவு தெரியாது.

கடிகாரத்தை இழுப்பறையில் வைத்தேன்.
ஒரு விளக்குக்கம்பம் ஓட்டம்,
இரண்டு கம்பம் நடை.
வந்தது.
வந்துட்டியா, இரு, என்றேன்.
வாய்விட்டுச் சொன்னதில்
தாய்ச்சி ஆடிக்கொண்டிருந்த சீனக் கிழவர்
தன்னைச் சொன்னதாக நினைத்துத் தலையசைத்தார்.
இருந்தது. பிறகு
எப்போது போனது என்று தெரியவில்லை.

மறுவாரம் மூன்று நாள் மோசம்.
கட்டிலிலேயே கிடந்து
கட்டைவிரலைத் திறந்து வைத்தேன், அவ்வளவுதான்.
அடுத்த மாதம் ஒரு நாள்
அருவிப் பக்கத்துச் சரிவில் ஏறியபோது
மழைமரத்து ஈரம் மூக்கில் ஏறியதை
முதல் தடவையாகக் கவனித்தேன்.
நாலு வருடமாக ஓடிய பாதை.

எத்தனை கிலோமீட்டர் என்றாள் யோகமலர்.
தெரியாது என்றேன்.
தெரியாதா என்றாள், மறுபடியும்.

நேற்று வாசலருகே பெஞ்சில் பையை வைத்த நேரம்
ஒரு குரங்கு சாவகாசமாக வந்து
தைலக் குப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பியது.
துரத்தினேன்,
புல்வெளி முழுக்க, ஒரு செருப்போடு.
பின்னாலிருந்து யோகமலர் கத்தினாள்:
விடுடி,
அத வச்சி நீ என்ன பண்ணப் போற!